பணியாமல் நின்றவர்கள்



ஊரெல்லாம் தலைவணங்கும்போது சிலர் மாத்திரம் பணியாமல் நிற்பதேன்? சுபாவப் பிடிவாதம் என்று சொல்லிவிடாதேயுங்கள்.

1658-ம் ஆண்டு ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் பட்டணத்துக்குள் இருக்கலாகாதென்று தடுத்தார்கள். மக்களைத் தங்கள் சபையில் சேரும்படி வற்புறுத்தினார்கள். பால்தேயுஸ் என்னும் போதகர் நேரில் வந்து முயன்றும் பலிக்கவில்லை. நம் முன்னோர் பட்டணத்துக்கு வெளியே போய்த் திவ்விய பூசை கண்டார்கள்.

அவர்கள் கலகக்காரரா? அல்லவே. அதே ஒல்லாந்தர் நடத்திய சிலாபத்தில் கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்களும் அவர்களே. உழைப்பைக் கொடுத்தார்கள், ஆத்துமத்தைக் கொடுக்கவில்லை. எது அதிகாரிக்கு உரியது, எது சர்வேசுரனுக்கு உரியது என்று பிரித்தறியத் தெரிந்திருந்தது.

அது ஒரே நாளில் வந்த தெளிவல்ல. 1542-ல் இக்கரைக்கு வந்த அர்ச். சவேரியார் மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, சிறுவர்களுக்கு மனப்பாடமாக்கினார். தாம் இல்லாதபோது சொல்லிக்கொடுக்க ஊர்களில் கணக்கப்பிள்ளைகளை ஏற்படுத்தினார். குரு இல்லாவிட்டாலும் செபம் வீட்டில் இருந்தது. தனியாய் நின்றிருந்தால் பலர் தளர்ந்திருக்கலாம். இங்கோ அண்டை வீட்டாரும் உறவினரும் கூட நின்றார்கள். முத்துக் குளிக்க இவர்களை விட்டால் ஆளில்லை என்பதும் ஒல்லாந்தர் கையைக் கட்டியது, அதை மறைப்பானேன்?

நம் பனிமய மாதா கோயில் 1713-ல் எழும்பியபோதும் துறைமுகத்தில் ஒல்லாந்தர் ஆட்சியே நடந்துகொண்டிருந்தது.