கொல்லைப்புறமும் கொல்லாமையும்

இல்லறத்தார் கொல்லாமையைப் பயிலக் கானகம் செல்ல வேண்டுவதில்லை. வீட்டின் கொல்லைப்புறமே அதற்குரிய பள்ளியாகும். கிணற்றடியில் வாழை, வேலியோரம் செம்பருத்தி, மூலையில் அகற்றப்படாத சருகுக் குவியல் ஆகியன இருப்பின் உயிர்கள் தாமே வந்து குடியேறும்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகுத்துரைக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவுயிர், நத்தை ஈரறிவுயிர், கறையானும் எறும்பும் மூவறிவுயிர், தும்பி நாலறிவுயிர், விலங்குகள் ஐயறிவுயிர். நம் அறநூல்களின் பகுப்பும் இதனை ஒத்ததே. கொல்லையில் அரைமணி நேரம் அசையாது அமர்ந்தால் இவ்வைவகை உயிர்களையும் ஒருங்கே காணலாம்.

இவற்றுள் தையல்சிட்டின் வாழ்க்கை வியப்புக்குரியது. அது இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சிழையாலும் சிலந்தி நூலாலும் தைத்துப் பை போலாக்கி, அதனுள் கூடமைக்கும். பெரும்பாலும் 3 அல்லது 4 முட்டைகள் இடும். ஏறத்தாழ 12 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். பின்னும் இரு வாரங்கள் கூட்டில் வளரும்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் இல்லத்து நந்தியாவட்டையில் இப்பறவை கூடு கட்டியது. குழந்தைகளுக்குக் காட்டும் ஆவலால் நாள்தோறும் கிளையை வளைத்துப் பார்த்தோம். தாய்ப்பறவை இரையைக் கவ்வியவாறு வேலியில் அமர்ந்து கதறும். நாங்கள் அகன்ற பின்னரே கூட்டை அணுகும். நான்காம் நாள் கூடு கிழிந்து கிடந்தது. எம்மைக் கவனித்திருந்த காக்கைக்கு நாங்களே வழி காட்டியிருந்தோம்.

கொல்லாமை அணுவிரதத்தின் குற்றங்கள் ஐந்து. அவை கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன. நாங்கள் அப்பறவையைக் கட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. ஆயினும் கூட்டருகே நின்ற பொழுதெல்லாம் குஞ்சுகளின் உணவைத் தடுத்தோம். அன்போடு நோக்கிய நோக்கும் ஐந்தாம் குற்றத்தின் சாயலைப் பெற்றுவிட்டது.

ஆதலின் பின்வருவனவற்றைக் கைக்கொள்வோம்:

1. கூட்டைத் தொலைவில் ஓரிடத்தில் அமர்ந்தே காண்க. கிளையை வளைத்தலும், அருகிருந்து ஒளிப்படம் எடுத்தலும் வேண்டா.

2. சிறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சினை அனாதையென எண்ணி எடுத்து வாராதீர்கள். தாய் அருகிலேயே இருக்கும். பூனை வரக்கூடுமாயின் அண்மையிலுள்ள புதரில் விட்டு விலகுக.

3. பூச்சிமருந்து தெளித்தலும் சருகை எரித்தலும் தவிர்க்க.

4. ஆழமற்ற தட்டில் நீர் வைத்து நாள்தோறும் மாற்றுக.

5. கிளியைக் கூண்டிலடைத்தல் முதற்குற்றமாகிய கட்டுதலேயாம். நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றமாகும்.

அடுத்த பருவத்தில் மீண்டும் ஒரு தையல்சிட்டு அங்கே கூடமைத்தது. இம்முறை சன்னலின் உட்புறமிருந்தே நோக்கினோம். குஞ்சுகளின் முகத்தைக் கூட நாங்கள் கண்டதில்லை. ஒருநாள் காலை கூடு வெறுமையாயிருந்தது, இலை கிழியவில்லை. குழந்தைகள் கைகொட்டி மகிழ்ந்தனர்.

சிந்திக்க: உங்கள் கொல்லையில் வாழும் உயிர்கள் எவை? அவற்றுள் எத்தனை அறிவுடையவை எத்தனை? குழந்தைகளுடன் அமர்ந்து எண்ணிப் பாருங்கள்.