ஏரி நிரம்பும் நாளும் உள்ளான் இறங்கும் நாளும்



வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஏழெட்டு வாரங்கள் இருக்கும்போதே, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும், சைபீரியாவின் சதுப்புகளில் குஞ்சு பொரித்த பொறி உள்ளான்கள் சென்னைக்கு மேற்கேயுள்ள ஏரிக்கரைகளில் வந்து இறங்கத் தொடங்கிவிடுகின்றன. மழைதான் பறவையை அழைத்து வருகிறது என்று பலரும் நம்புகின்றனர்; பறவை வரும் காலத்தைக் குறிப்பது வேறொன்று. குஞ்சு பொரிக்கும் நிலத்துக்கும் குளிர்காலத்தைக் கழிக்கும் நிலத்துக்கும் இடையே ஆண்டுதோறும் நிகழும் இடப்பெயர்ச்சியே வலசை எனப்படுகிறது. கனடாவின் விலங்கியலாளர் வில்லியம் ரோவன் 1920களில் சிறு குருவிகளைக் கூண்டில் அடைத்து, கடுங்குளிரிலேயே மின்விளக்கால் பகற்பொழுதை நீட்டிப் பார்த்தபோது, அவற்றின் உடல் வசந்தம் வந்துவிட்டதைப் போல மாறியது. பறவைக்கு நாள்காட்டியாக அமைவது பகலின் நீளமே என்பது அவ்வாறு தெளிவாயிற்று.

புறப்படும் காலத்தைப் பகல் முடிவு செய்கிறது என்றால், வழியையும் தங்குமிடத்தையும் முடிவு செய்வதில் வானிலைக்குப் பெரும் பங்குண்டு. தென்மேற்குப் பருவக்காற்று பின்வாங்கி, அக்டோபர் 20ஆம் நாளையொட்டி வடகிழக்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும்போது, தெற்கு நோக்கிப் பறப்பவற்றுக்கு எதிர்க்காற்றின் தடை நீங்குகிறது. ஆயினும் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் இந்த ஒழுங்கு ஒரே நாளில் குலைந்துவிடும். சிறு பறவைகளுள் பெரும்பாலானவை இரவில் வலசை செல்வன. அடர்ந்த மேகமும் பெருமழையும் குறுக்கிடும்போது அவை களைத்து, கிடைத்த இடத்தில் இறங்கிவிடுகின்றன. ஆறுமணிக்குருவி என்னும் பல நிறப் பறவை அக்டோபர் மாதத்தில் நகரத்து வீடுகளின் தாழ்வாரத்திலும் மாடிப்படியிலும் திகைத்து நிற்கக் காணப்படுவது இவ்வாறு இரவுப் பயணம் இடையில் முறிவதாலேயே. ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஃபேர் தீவில் 1948இல் பறவை ஆய்வகம் நிறுவப்பட்டதற்கும் இத்தகைய இறக்கங்களே காரணம்; இலையுதிர்காலத்தில் கீழ்க்காற்றும் மழையும் சேரும் நாள்களில் அச்சிறு தீவில் பறவைகள் திரளாக வந்து விழுகின்றன.

இனி, கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பொறி உள்ளான் நான்கைந்து சென்டிமீட்டர் நீரில் நடந்து சேற்றைக் கிளறி இரை தேடுகிறது. தலையை நீருக்குள் கவிழ்த்து மேயும் ஊசிவால் வாத்துக்கு ஏறத்தாழ ஓர் அடி ஆழம்வரை எட்டும். சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, நீர்மட்டம் 24 அடி. அது நிரம்பி, மாநகரமே குடிநீர் கிடைத்ததென்று மகிழும் நாளில், விளிம்புச் சேறெல்லாம் மூழ்கி உள்ளானுக்குக் கால் ஊன்ற இடமின்றிப் போகிறது. 2015 டிசம்பர் 1ஆம் நாளையொட்டிப் பெய்த பேய்மழையைப் போன்ற ஒன்று ஓரிரவில் இம்மாற்றத்தை முடித்துவிடும். அப்போது அப்பறவைகளுக்குப் புகலிடமாவன தாங்கல் எனப்படும் சிறு ஏரிகளும், நவரைப் பட்டத்துக்குச் சேறு கலக்கிய நெல்வயல்களும், குளத்தின் சரிந்த கரைகளுமே. ஆகவே, பெரிய ஏரியைக் காத்தால் போதும், வீட்டுமனையாகும் தாங்கலைப் பற்றிக் கவலை வேண்டா என்று கருதுவது பறவையின் கணக்கில் பெரும் பிழை. பெரிய ஏரி கைவிடும் வாரத்துக்கென்றே சிறிய நீர்நிலை தேவைப்படுகிறது.

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவையொட்டிய ஆழமற்ற உவர்நீரிலும் இதே விதி செயல்படுகிறது. நீண்ட காலுடைய பூநாரைகூட, மழைவெள்ளம் புகுந்து நீர் உயரும்போது ஆழம் குறைந்த பகுதியை நாடி இடம் மாறுகிறது.

எனவே பறவைக் குறிப்பேட்டில் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதுவதோடு அமையாமல், காற்றின் திசையையும், முந்தைய இரவு மழை பெய்ததா என்பதையும், நீர் பறவையின் காலில் எதுவரை எட்டியது என்பதையும் சேர்த்து எழுதுக. பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்புக்கு முன்பாகவே, செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து தொடங்குவது நலம். உள்ளான் அதற்குள் வந்திருக்கும்.