தொட்டித் தண்ணி நாறுவது ஏன்?



இந்த முறை நம்முடைய பாடம் கொழுந்துச் செடியைப் பற்றியது அல்ல. தண்ணிக்குள் நிற்கும் பூச்செடியைப் பற்றியது. அல்லி, தாமரை, நீலோற்பலம் ஆகியவற்றைச் சட்டியில் நட்டு, முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் இறக்கி வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நீலோற்பலம் 1986இல் நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூ. பள்ளிக்கூடத்திலும் பிள்ளை பராமரிப்பு நிலையத்திலும் அதை வளர்க்க ஆசைப்படுவது இயற்கைதான். ஆனால் சில மாதம் போனதும் அழுகிய முட்டை நாத்தம் கிளம்புகிறது. பூ பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக் கொண்டு போகிறார்கள்.

இந்த முறைப்பாடு அதிகம் வருவது அம்பாறைக் கரையோரத்திலிருந்து. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று வரிசையாக இருக்கும் முஸ்லிம் ஊர்களில் நம்ம தோட்டத்துப் பிள்ளைகளும் சிலர் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். அங்கே வீடுகள் மதிலோடு மதில் ஒட்டியவை. நாத்தம் வந்தால் முதல் சந்தேகம் பக்கத்து வீட்டு மலசலகூடக் குழி மேல்தான் விழும். "உங்கட குழி நிரம்பிட்டுதாக்கும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் கோபிக்க, நல்லா இருந்த அயலவர் முகம் பார்க்காமல் போவார்கள். காரணமோ சொந்த முற்றத்துப் பூச்சட்டியாக இருக்கும். நம்ம லயத்திலும் காம்பராவுக்குக் காம்பரா சுவர்தான் இடைவெளி. ஆகவே இந்தப் பாடம் நமக்கும் வேண்டியதுதான்.

நாத்தம் எங்கிருந்து வருது?

செடியின் வேருக்கும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் ஒட்சிசன் வேண்டும். ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் தண்ணியில் கரையக் கூடியது சுமார் ஏழரை மில்லிகிராம் மட்டுமே. அதுவும் தண்ணிக்குள் மிக மிக மெதுவாகவே பரவும். அதனால் மண் நிரம்பிய சட்டியைத் தண்ணிக்குள் இறக்கியதும், மண்ணுக்குள் இருந்த ஒட்சிசன் ஓரிரு நாளிலேயே தீர்ந்துவிடும்.

அந்தச் சட்டியில் சாணமோ, குப்பைப் பசளையோ, தும்புத் தூளோ, அழுகிய இலையோ இருந்தால் அதைத் தின்ன பற்றீரியாக்கள் பெருகும். ஒட்சிசன் இல்லாத இடத்தில் சில வகைப் பற்றீரியாக்கள் சல்பேற்று என்ற உப்பை எடுத்து வேலை செய்கின்றன. அந்த வேலையில் வெளியாகும் வாயுவுக்குப் பேர் ஐதரசன் சல்பைட்டு. அழுகிய முட்டை நாத்தம் அதுதான். அது மண்ணில் உள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். அடிச் சேறு கரி மாதிரிக் கறுத்திருப்பதன் காரணம் இது.

ஆக, நாத்தம் வர மூன்று சாமான் வேண்டும்: அழுகும் பொருள், ஒட்சிசன் இல்லாத மண், சல்பேற்று. இந்த மூன்றில் ஒன்றைக் குறைத்தாலும் நாத்தம் குறையும்.

கரையில் ஏன் கூடுதல்?

கடல் தண்ணியில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. கடலை ஒட்டிய கிணறுகளில் உப்புத் தன்மை ஏறும்போது சல்பேற்றும் கூடவே ஏறும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் அதிகமான உயிர்கள் போயின. அன்று கரையோரக் கிணறுகளிலும் கடல் தண்ணி புகுந்தது. அதன் பிறகு மழை பல தடவை கழுவிவிட்டாலும், கடலோரத்தில் வெயில் காலத்தில் நன்னீர் குறைந்து கிணறு உவர்ப்பது வழமை.

இரண்டாவது காரணம் மண். கரையில் இருப்பது மணல். மணலில் இரும்பு குறைவு. வாயுவைப் பிடித்து வைக்க ஆளில்லை. நம்ம மலையின் செம்மண் சிவந்திருப்பதே இரும்பினால்தான். அந்த இரும்பு சல்பைட்டைப் பிடித்துக் கொள்ளும். அதே சாணத்தை இரண்டு மண்ணிலும் போட்டால், மணல் சட்டிதான் முதலில் நாறும்.

மூன்றாவது வெப்பம். வடகீழ்ப் பருவ மழை முடிந்து வெயில் ஏறினால் தண்ணி சூடாகும், ஒட்சிசன் குறையும், பற்றீரியாவின் வேலை வேகமாகும்.

சட்டியா, குழியா? கண்டுபிடிக்கும் முறை

அயலவரைக் குறை சொல்ல முதல் இதைச் செய்து பாருங்கள். ஒரு மெல்லிய கம்பைச் சட்டி மண்ணில் மெதுவாகக் குத்துங்கள். குமிழி வந்து, அதோடு முட்டை நாத்தமும் வந்தால் குற்றவாளி அந்தச் சட்டிதான். குமிழி வந்தும் நாத்தம் இல்லையென்றால் அது பெரும்பாலும் மெதேன், காபனீரொட்சைட்டு போன்ற மணமற்ற வாயு. செத்த மீன் நாத்தம் என்றால் மீனையோ நத்தையையோ தேடுங்கள். எந்தச் சட்டியும் நாறவில்லை என்றால்தான் வடிகானையும் குழியையும் பார்க்க வேண்டும்.

திருத்தும் முறை

1. மாலை நேரத்தில், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத வேளையில் வேலையைத் தொடங்குங்கள். சட்டியைக் குலுக்காமல் மெதுவாகத் தூக்குங்கள். சேறு தொட்டியில் கலைந்தால் சல்பைட்டு தண்ணியில் பரவி மீன் செத்துப் போகும். முடிந்தால் மீனை முதலில் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

2. செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருப்பது நல்ல வேர். கறுத்து, கையில் நசிந்து போவது அழுகியது. அதை வெட்டி எறியுங்கள். கிழங்கில் அழுகிய பகுதி இருந்தால் நல்ல சதை தெரியும் வரை வெட்டிக் கழுவுங்கள்.

3. பழைய மண்ணை உடனே வேறு செடிக்குப் போட வேண்டாம். வெயிலில் மெல்லிசாகப் பரப்புங்கள். காற்றுப் பட்டால் நாத்தம் போகும். ஆனால் மண் புளிப்பாக மாறலாம். கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து சில கிழமை விட்டு வாழையடியில் போடலாம்.

4. புதிய மண் களிமண்ணாக இருக்க வேண்டும். கரையில் உள்ளவர்கள் வயல் களியை எடுக்கலாம். வைக்கோலும் வேரும் பொறுக்கிவிடுங்கள். மலையில் உள்ளவர்கள் மேல் மண்ணைத் தள்ளிவிட்டுக் கீழே உள்ள செம்மண்ணை எடுங்கள். சாணம், குப்பை, தும்பு ஒன்றும் வேண்டாம். தரையில் நல்ல பசளை, தண்ணிக்குள் நாத்தப் பசளை.

5. அகலமான, ஆழம் குறைந்த சட்டியே நல்லது. கிழங்கை நட்டு, குருத்து வெளியே தெரிய வையுங்கள். மேலே ஒரு அங்குலம் கழுவிய சரளைக் கல் போட்டால் மண் கலையாது.

6. உரம் வேண்டுமானால் சிறிதளவைக் களிமண் உருண்டைக்குள் பொதிந்து வேரருகே அமுக்குங்கள். அமோனியம் சல்பேற்று உரத்தைத் தவிருங்கள். அது நாம் விரட்ட நினைக்கும் சல்பேற்றையே கொண்டுவரும்.

7. தொட்டித் தண்ணியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணியில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள்.

8. கிழமைக்கு ஒரு தடவை பழுத்த இலையையும் வாடிய பூவையும் எடுத்துவிடுங்கள். பச்சை இலையை மட்டும் வெட்ட வேண்டாம். அல்லி இலைத் தண்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே குழாய் குழாயாகத் துவாரம் தெரியும். அதன் வழியேதான் இலை வேருக்குக் காற்று அனுப்புகிறது. இலை எல்லாவற்றையும் வெட்டினால் வேர் மூச்சு முட்டி அழுகும்.

செய்யக் கூடாதவை

நாத்தத்தை மறைக்க பினைல், டெட்டோல், குளோரின் தூள், மண்ணெண்ணெய் எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனும் செடியும் சாகும். செத்தவை அழுகி நாத்தம் இரட்டிப்பாகும்.

மீன் செத்தால் அடுத்த விருந்தாளி நுளம்பு. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. ஆகவே தொட்டியில் எப்போதும் கப்பி மீன் சில நிற்கட்டும். மீன் இல்லாத தொட்டியைக் கிழமைக்கு ஒரு முறை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள இடத்தில் தொட்டிக்கு மேல் உறுதியான கம்பி வலை போட மறக்க வேண்டாம்.

உயிர் காக்கும் ஒரு செய்தி

திறந்த முற்றத்தில் பூச்சட்டி விடும் வாயு மிகச் சிறிய அளவு. அதனால் ஆளுக்கு ஆபத்து இல்லை, அருவருப்புத்தான். ஆனால் இதே வாயு மலசலகூடக் குழியிலும், மூடிக் கிடந்த கிணற்றிலும், சாண எரிவாயுத் தாங்கியிலும் தேங்கி நிற்கும். காற்றை விடக் கனமானதால் அடியில் தங்கும். அங்கே அது ஆளைக் கொல்லும்.

நம்ம மூக்கு இதில் நம்மை ஏமாற்றும். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு கூட இல்லாத போதே இது மணக்கும். ஆனால் 100 பங்கு அளவுக்கு ஏறினால் கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப் போய் மணமே தெரியாது. "நாத்தம் நின்றிட்டுது, இறங்கலாம்" என்று நினைப்பது அந்த நேரத்தில்தான். 500க்கு மேல் போனால் மயக்கம். 1,000 அளவில் சில மூச்சிலேயே உயிர் போகலாம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறையும் இதற்குப் போதாது. ஒட்சிசன் இருந்தால் விளக்கு எரியும். இந்த நஞ்சை அது காட்டாது. மெதேன் இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

ஆகவே குழிக்குள் யாரும் இறங்க வேண்டாம். குழி நிரம்பினால் உள்ளூராட்சி சபையின் கழிவு உறிஞ்சும் வண்டியைக் கேளுங்கள். ஒருவர் உள்ளே விழுந்து மயங்கினால், அண்ணனானாலும் மகனானாலும் பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. சத்தம் போட்டு ஆட்களைக் கூட்டுங்கள். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சையும், 110இல் தீயணைப்புப் படையையும் அழையுங்கள். கயிறு வெளியிலிருந்து போகட்டும்; ஆள் போகக் கூடாது.

பிள்ளைகளோடு சேர்ந்து விடை சொல்லுங்கள்

1. நாத்தம் வர வேண்டிய மூன்று சாமான் எவை?
2. அல்லியின் பச்சை இலையை ஏன் வெட்டக் கூடாது?
3. செம்மண் சட்டி குறைவாக நாறுவது ஏன்?
4. குழிக்குள் நாத்தம் திடீரென்று நின்றால் அதன் அர்த்தம் என்னவாக இருக்கலாம்?

நாலாவது கேள்விக்கு வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் விடை தெரிந்து வைத்திருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பாட்டி, தாத்தாவுக்கும் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.