சிறு நத்தையும் அதன் ஓட்டிலக்கணமும்

சொல்லொன்றைக் கண்டவிடத்து அதனைப் பகுதி, விகுதி, இடைநிலை முதலிய உறுப்புக்களாகப் பிரித்து இன்ன சொல்லெனத் துணிதல் தமிழ் மாணவராகிய எமக்கு நாட்பழக்கம். உயிர்நூலாரும் அங்ஙனமே ஓர் உயிரின் உறுப்புக்களை முறைப்பட நோக்கி அதன் இனத்தைத் துணிகின்றனர். அறிவின் தொகைகொண்டு உயிர்களை வகுத்த தொல்காப்பியர் நந்தினை ஈரறிவுயிர்களுள் வைத்தார். இக்கால நூலாரோ உடலமைதிகொண்டு வகுப்பர். எள்ளினுஞ் சிறிய நிலநத்தையொன்றை அதன் ஓடுகொண்டு இனங்காணுமாறு எங்ஙனம், அதனால் விளையும் பயன் யாது என்னும் இரண்டனையும் ஈண்டுச் சுருங்கக் கூற முயல்கின்றோம்.

எடுத்துக்காட்டாக ஒபிஸ்தோஸ்டோமா என்னும் பேரினத்தையும், அதன் உறவாகிய பிளெக்டோஸ்டோமா என்பதனையும் கொள்வோம். முன்னது நம் நாட்டிற்குப் புதியதன்று. இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத்துறையைச் சார்ந்த பிளான்போர்டு உடன்பிறந்தார் இருவர் 1860ஆம் ஆண்டில் நீலகிரி நத்தையொன்றினுக்கே இப்பெயரை முதற்கண் இட்டனர். கிரேக்கச் சொற்களாலாகிய அப்பெயர்க்குப் 'பின்வாயுடையது' என்பது பொருள். இறுதிச் சுற்றானது ஏனைச் சுற்றுக்களினின்றும் பிரிந்து பின்னோக்கித் திரும்புதலின் இது காரணப்பெயரேயாம்.

எனினும், இக்கூட்டம் மிகப் பல்கிக் கிடப்பது மலாய் நாட்டிலும் போர்னியோத் தீவிலும் உள்ள சுண்ணக்கற் குன்றுகளிலாம். நத்தையோடு ஆக்கப்படும் பொருள் சுண்ணமே. அஃது அக்குன்றுகளில் நிரம்பக் கிடைக்கின்றது. ஒரு குன்றுக்கும் மற்றொரு குன்றுக்கும் இடைப்பட்ட நிலத்தைக் கடத்தல் இச்சிற்றுயிர்க்கு அரிது. ஆதலின் கடல்சூழ்ந்த தீவுபோலக் குன்றுகள் தனித்து நிற்ப, ஒரு குன்றுக்கேயுரிய நத்தையினங்களும் உளவாயின.

இனி, ஓடுகளைத் தேடும் முறை எளிதே. பாறையடியில் கிடக்கும் மண்ணையும் இலைச்சருகையும் உலர்த்திச் சல்லடையாற் சலித்து நீரிலிடுதல் வேண்டும். மண்ணுங் கல்லும் அமிழும். வெற்றோடுகள் உள்ளே காற்றிருத்தலான் மிதக்கும். அவற்றை வடித்தெடுத்து உலர்த்தி நுண்பெருக்கியின்கீழ் வைத்து நோக்குவர்.

நோக்குவார் முதற்கண் வினவவேண்டுவது, 'இவ்வோடு முதிர்ந்ததோ?' என்பதாம். முதிர்ந்த ஓட்டின் வாயிதழ் தடித்தும் விரிந்தும் நிற்கும். இளவோட்டில் அவ்விதழ் இல்லை. திரும்பிய இறுதிச் சுற்றும் தோன்றியிராது. விகுதி புணராத பகுதியைக்கொண்டு வினைமுற்றின் பாலைத் துணியலாகாமைபோல, இளவோடு கொண்டு இனத்தைத் துணிதல் சாலாது.

இரண்டாவது, சுற்றின் திசை. முடி மேலாகவும் வாய் நம்மை நோக்கியும் இருக்க ஓட்டை நிறுத்துக. வாய் வலப்பக்கந் தோன்றின் வலச்சுற்று. இடப்பக்கந் தோன்றின் இடச்சுற்று. பின்வாயினவாகிய இவற்றிலோ வாய் திசைமாறி நிற்றலின், முன்னைச் சுற்றுக்களைக்கொண்டே திசை துணிதல் வேண்டும். ஈண்டு மாணவர் ஓர் எச்சரிக்கை கொள்க. நம்மவர் வலம்புரியெனப் போற்றும் அரிய சங்கு உயிர்நூலார் கணக்கில் இடச்சுற்றேயாம். சங்கின் முடியைக் கீழாகப் பிடித்து நோக்கும் நம் வழக்கே இவ்வேற்றுமைக்குக் காரணம். ஆகலின் பழஞ்சொல்லை ஆராயாது எடுத்தாளுதல் கூடாது.

மூன்றாவது, வாயின் காவல். இவ்விரு பேரினத்து நத்தைகளும் உள்ளொடுங்குங்கால் வாயை அடைக்கும் மூடியொன்று உடையன. ஓட்டினுள் ஓரிடத்தில் இடுக்கமும் உண்டு. அதே பாறைகளில் வாழும் வேறு சில நுண்ணிய நத்தைகட்கு மூடியில்லை. வாயினுள்ளே பற்போன்ற முனைகளே உண்டு. உருவத்தாற் சிறியன என்னும் ஒப்புமை கருதி இவற்றை ஓரினமெனல் பிழையாம்.

நான்காவது, அளவும் அணியும். உயரம், அகலம், சுற்றின் தொகை, முடியின் தன்மை, ஓட்டின்மேல் எழுந்த விலாவரிகளின் செறிவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவ்வரிகள் வெறும் அழகுக்கல்ல. போர்னியோவில் ஓடில்லாத அட்டோபஸ் என்னும் நத்தை வகை பிளெக்டோஸ்டோமாவை வேட்டையாடி, வாய்வழியாகவேனும் ஓட்டைத் துளைத்தேனும் உண்கின்றது. எழுந்து நிற்கும் வரிகள் அத்துளைப்புக்குத் தடையாதலை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இம்முறை வழாது நோக்கினார்க்குக் கிடைத்த வியப்புக்களுள் ஒன்று, பேராக் மாநிலத்துக் குனோங் ராப்பாட் குன்றில் கண்டெடுக்கப்பட்டு 2008இல் பெயரிடப்பெற்ற ஒபிஸ்தோஸ்டோமா வெர்மிகுலம் என்பதாம். பெரும்பாலான நத்தைகளின் ஓடு ஓர் அச்சினைப் பற்றியே சுற்றும்; இதுவோ நான்கு அச்சுக்களைப் பற்றிச் சுற்றுகின்றது. சுற்று மும்முறை பிரிந்து, இருமுறை மீண்டும் ஒட்டுகின்றது. சிறு புழுவைப் போறலின் அப்பெயர் பெற்றது.

ஆயினும் ஓட்டின் சான்று முடிந்த முடிபன்று. புதிய சான்று தோன்றுமிடத்துப் பாகுபாடும் திருத்தப்படும். 2014இல் மலாய் நாடு, சுமத்திரா முதலிய இடங்களின் பிளெக்டோஸ்டோமா இனங்களை மீளவும் ஆராய்ந்தோர், ஓட்டை உடையாது அதன் உள்ளமைப்பையுங் காட்டும் ஊடுகதிர்ப் படங்களையும் துணைக்கொண்டனர்.

அவ்வாண்டிலேயே இக்கூட்டத்தைப் பற்றிய துயரச் செய்தியொன்றும் வெளிவந்தது. பகாங் மாநிலத்தில் குவாந்தானுக்கு அணித்தே புக்கிட் பாஞ்சிங் என்னும் சுண்ணக்கற் குன்று இருந்தது. அதற்கேயுரிய நத்தையொன்றினுக்கு ஒல்லாந்து தேயத்து வான் பெந்தெம் யூட்டிங் அம்மையார் 1952இல் பெயரிட்டார். அது பின்னர்ப் பிளெக்டோஸ்டோமா சியாபிலம் என வழங்கலாயிற்று. கல்லுக்காக அக்குன்று முற்றும் வெட்டியெடுக்கப்பட்டது. குன்றோடு நத்தையும் மாய்ந்தது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் 2014இல் அதனை அற்றுப்போன உயிர்களின் வரிசையிற் சேர்த்தனர். இன்று அவ்வினத்திற்கு எஞ்சி நிற்பன காட்சிசாலைகளில் உள்ள ஓடுகளும் ஒரு பெயருமே.

'கடுகனைய ஓட்டிற்கு இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு?' என்று வினவுவார்க்கு விடை இதுவேயாம். பெயரும் இலக்கணமும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தமையானன்றோ அந்நத்தை இறந்ததென்பதனை உலகம் அறிந்தது? பெயரிடப்படாது மாய்ந்தனவற்றை இழந்தேமென்று அறியவும் வழியில்லை. குன்றை வெட்டுவதா, விடுவதா என்னும் வழக்கு எழுங்காலத்து, 'இவ்விடத்தன்றி வேறெங்கும் இல்லாத உயிர் இஃது' என்று சான்று பகர்தற்கு முதற்கண் அவ்வுயிர்க்கு ஒரு பெயர் வேண்டும். அப்பெயரைத் தருவது வாயிதழையும் விலாவரியையும் பொறுமையுடன் எண்ணிக் குறிக்கும் தொழிலேயாம்.

பின்வாய் நத்தைகளின் பெயர்வரிசை நம் நீலகிரியினின்றே தொடங்கிற்று என்பதனை நம் கல்லூரி மாணவர் நினைவிற்கொள்வாராக. நம் மலைச்சாரல்களின் சருகினுள்ளும் நோக்குவாரை எதிர்பார்த்து எத்துணையோ சிற்றோடுகள் கிடத்தல் கூடும். ஒரு சல்லடையும், ஒரு குவளை நீரும், ஒரு பூதக்கண்ணாடியும் உடையார் எவரும் இன்றே இவ்விலக்கணத்தைப் பயிலத் தொடங்கலாம்.