இணையப் படிவத்தில் வரும் தேதி: முக்கியக் குறிப்புகள்

எஸ்.பி.எம். கணினி அறிவியலில் ஐந்தாம் படிவத்துக்கு பிஎச்பி உண்டு. தேதி பற்றிய கேள்விகளை ஜொகூர் உதாரணங்களோடு படித்தால் எளிதில் மறக்காது.

● உலாவியின் தேதிக் கட்டம் திரையில் 07/03/2025 என்று காட்டினாலும், சர்வருக்கு 2025-03-07 என்றே அனுப்பும். இது ஐஎஸ்ஓ 8601 வரிசை (முதல் வெளியீடு 1988). சாதாரண எழுத்துப் பெட்டி என்றால், தட்டியது தட்டியபடியே வரும்.

● உலாவியில் செய்யும் சரிபார்ப்பைத் தாண்டிவிடலாம். சர்வரில் மீண்டும் சோதிப்பது கட்டாயம்.

● பிஎச்பியின் ‘ஸ்ட்ர்டோடைம்’ சாய்கோட்டைக் கண்டால் அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் வைக்கும். 07/03/2025 ஜூலை 3 ஆகிவிடும். 07-03-2025 என்றால் மார்ச் 7. மலேசியாவில் நாளைத்தான் முதலில் எழுதுகிறோம். அதனால் 12ஆம் தேதி வரை பிழை வெளியே தெரியாது, 13ஆம் தேதியில்தான் ‘ஃபால்ஸ்’ வரும். படிவத்துக்கு இந்தச் செயற்கூற்றைத் தொடாமலிருப்பதே நல்லது.

● மாற்று: ‘கிரியேட் ஃப்ரம் ஃபார்மட்’. நாள்/மாதம்/ஆண்டு என்று வடிவத்தை நாமே சொல்கிறோம். ஆனால் 31/02/2025 கொடுத்தால் மறுக்காமல் 3 மார்ச் ஆக்கிவிடும்! எனவே ‘செக்டேட்’ வேண்டும். அதன் வரிசை மாதம், நாள், ஆண்டு. கேள்வித்தாளில் பொறி வைக்க ஏற்ற இடம் இது.

● மைகாட் எண் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறப்பிடம் (ஜொகூருக்கு 01, மேலும் 21 முதல் 24 வரை). ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதுதான் சிக்கல். பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் 70–99ஐ 1900களிலும் 00–69ஐ 2000களிலும் சேர்க்கும். 1965இல் பிறந்த தாத்தா 2065இல் பிறந்தவராகிவிடுவார். பைத்தானில் எல்லை 69: அங்கே 69 என்றால் 1969. எதிர்காலத் தேதி வந்தால் 100 ஆண்டு கழிக்கலாம். நூறு வயதைத் தாண்டியவருக்கு அதுவும் உதவாது. முழு ஆண்டையே கேட்டு வாங்க வேண்டும்.

● ஜொகூரில் வார விடுமுறை 2014 முதல் 2024 முடிய வெள்ளி, சனி. 1 ஜனவரி 2025 முதல் சனி, ஞாயிறு. வேலை நாள் எண்ணும் ஸ்கிரிப்ட் தேதியைப் பார்த்தே விதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பதிவுகளுக்குப் பழைய விதி.

● நேர மண்டலம் குறிப்பிடாவிட்டால் பிஎச்பி யுடிசியை எடுத்துக்கொள்ளும். ஜொகூர் பாருவில் நள்ளிரவு முதல் காலை 8 வரை அதன் ‘இன்று’ நமக்கு நேற்று. ‘ஆசியா/கோலாலம்பூர்’ என்று அமைக்கவும்.

● தீபகற்ப மலேசியா யுடிசியோடு 7½ மணி வித்தியாசத்திலிருந்து 8 மணிக்கு மாறியது 1982 ஜனவரி 1இல். 31-12-1981 இரவு 11.30க்குப் பிந்தைய அரை மணி நேரம் இங்கே கிடையாது.

● மைஎஸ்கியூஎல்லின் ‘டைம்ஸ்டாம்ப்’ வகை 19 ஜனவரி 2038 மலேசிய நேரம் காலை 11:14:07 வரைதான். பிறந்த தேதிக்கு ‘டேட்’ வகை போதும். அதன் எல்லை 9999-12-31.