ஊர் விளைபொருளில் ஐஸ்கிரீம்: தொடங்குமுன் அறிய வேண்டிய கணக்கு

திண்டுக்கல் வட்டாரத்துச் சிறுமலை வாழைப்பழமும் விருப்பாட்சி வாழைப்பழமும் புவிசார் குறியீடு பெற்றவை. அவ்வட்டாரத்திலேயே சின்னாளப்பட்டி நெசவுக்குப் பேர்போனது. பயிரிடுவோரும் நெய்வோரும் அருகருகே வாழும் இத்தகைய ஊர்களில், "நம் பழத்தையும் பாலையும் கொண்டு நாமே ஓர் ஐஸ்கிரீம் கடை வைத்தால் என்ன?" என்று அங்கத்தினர்கள் கேட்பது இயல்பே. கேள்வி நன்று. ஆயினும் பங்குப் பணத்தை அதில் இடுமுன் மூன்று செய்திகளை அறிதல் அவசியம்.

முதலாவது, காற்று. ஐஸ்கிரீம் கடையும்போது காற்று கலந்து பண்டம் பெருகுகிறது. 10 லிட்டர் பாற்கலவை ஏறக்குறைய 11 கிலோ எடையுள்ளது. அதன் அடக்கவிலை 1,500 ரூபாய் எனக் கொள்வோம். காற்றை மிகுத்து 20 லிட்டராக்கினால் லிட்டர் அடக்கம் 75 ரூபாய். அளவோடு கடைந்து 14 லிட்டராக்கினால் 107 ரூபாய். முன்னதன் எடை லிட்டருக்கு 550 கிராம். பின்னதன் எடை 786 கிராம். ஊடையை நெருக்கமின்றி நெய்து கஞ்சியேற்றிய துணியும் நீளத்தில் குறைவதில்லை. துவைத்த பின்னரே உண்மை புலப்படும் என்பதை நெசவாளர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் நம் கடை எடைக்கே விற்றல் வேண்டும். கொழுப்புக் குறைந்தது என்ற குறிப்பின்றி 'ஐஸ்கிரீம்' என்றே விற்கும் பண்டத்தில் பால் கொழுப்பு நூற்றுக்குப் பத்துக்கும், லிட்டர் எடை 525 கிராமுக்கும் குறையலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி.

இரண்டாவது, பண்டங்களின் குணம். வாழைப்பழத்தில் இயல்பாகவே சர்க்கரை மிகுதி; அதனைக் கணக்கிடாது மேலும் இனிப்பிட்டால் கலவை சரிவர உறையாது. நீர் மிகுந்த பழச்சாற்றை வற்றக் காய்ச்சாது சேர்த்தால் பனித்துகள் நாவில் நெறுநெறுக்கும். கருப்பட்டியைக் கொதிக்கும் பாலில் இட்டால் பால் திரிந்துவிடக்கூடும். தனியே பாகு காய்ச்சி வடிகட்டி, கலவை ஆறிய பின் சேர்க்க.

மூன்றாவது, குளிர். உறைகுளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. வளரவிடாது நிறுத்திவைக்கிறது, அவ்வளவே. ஆகையால் பாற்கலவையை முன்னதாகவே ஏறத்தாழ 69 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை மணி நேரம் வைத்துப் பின் குளிர்வித்தல் வேண்டும். உறைந்த பண்டத்தைப் பூஜ்யத்திற்கு 18 டிகிரி கீழே காத்தல் வேண்டும். உருகியதை மீண்டும் உறையவைத்து விற்றல் ஆகாது.

வியாபாரம் குறைவின்றி நடந்தும் ஒரு சங்கக் கடை நட்டம் காட்டியதை ஆய்வில் கண்டேன். திருட்டு ஏதுமில்லை. மின்சாரம் நின்ற இரவுகளில் உருகிய சரக்கு இருப்பேட்டில் கழிக்கப்படவில்லை. பரிமாறும் கரண்டியின் அளவும் ஆளுக்கு ஆள் மாறிற்று. இவ்வுண்மை தெரியுமுன்னரே, வீண்பழி சுமந்த விற்பனையாளர் வேலையை விட்டு நீங்கியிருந்தார். நாள்தோறும் ஒரு வரி எழுதியிருந்தால் பணமும் அவருடைய மானமும் காக்கப்பட்டிருக்கும்.

எனவே முதற்கோடையில் சங்கப் பண்டகசாலையின் ஒரு மூலையில், ஒரே குளிர்பெட்டியுடன், இரண்டே சுவைகளோடு தொடங்குக. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு முன்னதாகவே பெறுக.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் ஆராய வேண்டியவை:

1. பழம் தரும் அங்கத்தினர்க்கு விலையை யார், எப்போது உறுதி செய்வது?
2. மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு என்ன?
3. உருகிய சரக்கை அன்றன்றே எழுதிக் கையொப்பமிடுவோர் யார்?

இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே கடைக்குப் பெயர் சூட்டலாம்.