படிப்புக்காகப் படையில் சேரலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணாவின் மகன், பகுதிநேரமாகப் படையில் சேர்ந்தால் படிக்கப் பணம் கிடைக்கும் என்கிறான். உண்மையா?
– வாசகி, கண்டாவளை

பதில்: உண்மைதான், சகோதரி. அமெரிக்கப் படைவீரர்களுக்காக 1944இல் வந்த ஜி.ஐ. சட்டத்தின் வழிவந்த திட்டம் அது. ரிசேர்வ் எனும் பகுதிநேரப் படையில் 6 ஆண்டுகள் பணியாற்ற ஒப்பந்தமிட்டு, தொடக்கப் பயிற்சியை முடித்தவருக்கு 36 மாதங்கள் வரை படிப்புதவி உண்டு. ஆனால், ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் ரிசேர்வ் படையினரும் அனுப்பப்பட்டார்கள். போர் என்னவென்று வன்னியில் வாழும் உங்களுக்குத் தெரியும். கையெழுத்திட முன்னர் மருமகனுடன் மனம்விட்டுப் பேசுங்கள்.

இங்கே 1945 முதல் இலவசக் கல்வி நம் பிள்ளைகளின் உரிமை. தொழில் படிக்க விரும்புவோருக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. துப்பாக்கி ஏந்தாமலே படிக்கக் கிடைத்த வாய்ப்பு இது; தவறவிடாதீர்கள்.